ஊசிக்கு ஒரு நேரம், மோட்டாருக்கு ஒரு நேரம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து செம்மோர் வழியாகச் சுங்கை சிப்புட் போகும் பழைய கூட்டரசுச் சாலை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். விடியற்காலை ஐந்தரை மணிக்கு அதில் ஓடுபவை பெரும்பாலும் மோட்டார்கள்தாம். நூறு, நூற்றுப் பத்து சிசி கப்சாய் வண்டிகள். முன்கூடையில் சாப்பாட்டு டப்பா, இருக்கைக்கு அடியில் மடித்து வைத்த மழைக்கோட்டு. ஓட்டுகிறவர்களில் பலர் தாசேக், ஜெலாப்பாங் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கோ ஈப்போ நகரக் கட்டடங்களின் பாதுகாவலர் வேலைக்கோ போகும் தமிழர்கள். அவர்களில் சிலர் வீட்டை விட்டுக் கிளம்புமுன் சட்டையைத் தூக்கி வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள்.

ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த அவர்களுடைய தாத்தா பாட்டிக்கு வேலைக்குப் போக வண்டி வேண்டியிருக்கவில்லை. லயத்து வீடு, பெயர் கூப்பிடும் பெரட்டுக் களம், பால் மரங்கள், கோயில், கள்ளுக்கடை, டிரெசர் மருந்து கொடுக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரி எல்லாமே கால்நடைத் தூரம். இருட்டில் எழுந்து, நிரை நிரையாக நடந்து நூற்றுக்கணக்கான மரங்களில் பால் வெட்டி, பிறகு அதே நிரையில் திரும்பி நடந்து பால் எடுத்து, இரண்டு வாளிகளைத் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோவார்கள். உடம்பு சர்க்கரையை எரிக்கத் தனியாக ஒரு முயற்சியும் தேவைப்படாத வாழ்க்கை அது. வறுமையும் இருந்தது, மலேரியாவும் இருந்தது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கின. சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் சில தோட்டங்களை வாங்கிக் காப்பாற்றினார். மற்ற இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கை வேண்டாம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நிலம் தாமான் என்னும் குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது குடும்பங்கள் புந்தோங்குக்கும் செம்மோருக்கும் சுங்கை சிப்புட் ஓரத்துக் குறைந்த விலை வீடுகளுக்கும் பெயர்ந்தன. வேலை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போனது. பஸ்ஸை நம்ப முடியாது. மோட்டார் வந்தது.

நடை நின்ற இடத்தில் இனிப்பு நீர் என்கிற நீரிழிவு வந்தது. காரணம் நடை மட்டும் இல்லை. தெற்காசிய உடல்வாகில் ஒல்லியாகத் தெரிபவருக்கும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும். கணையமும் சீக்கிரம் களைத்துவிடும். மலேசியாவின் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைக்க வேண்டும். பெருந்தொற்று ஆண்டுகளை விட்டால் மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு மோட்டாரில் போனவர்கள். இரண்டு சுமையும் ஒரே தோளில்தான் வந்து இறங்குகின்றன.

இன்சுலின் போடுகிறவன் மோட்டார் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொன்னால் அவன் ஓட்டுவதை நிறுத்த மாட்டான், ஊசியை நிறுத்துவான். சோறு மோட்டாரில்தான் வருகிறது. ஊசியை நிறுத்தியவரின் கண்ணும் சிறுநீரகமும் பாதமும் என்ன ஆகும் என்பது ஈப்போவின் ரத்தச் சுத்திகரிப்பு மையங்களில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். இரண்டையும் சேர்த்தே செய்யலாம். அதற்கு, ஊசி உள்ளே போன பிறகு உடம்பு எந்த நேரத்தில் என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் சில எண்கள். மலேசியாவில் ரத்தச் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் சொல்வார்கள். தமிழ்நாட்டு மில்லிகிராம் கணக்குக்கு மாற்ற 18ஆல் பெருக்க வேண்டும். 4 என்றால் 72, 5 என்றால் 90. பெரியவர் ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். சர்க்கரை 5 என்று இருந்தால் அந்த 5 லிட்டரிலும் சேர்த்துக் கரைந்திருக்கும் குளுக்கோஸ் நாலரை கிராம்தான். ஒரு தேக்கரண்டி. மூளை மட்டும் மணிக்கு ஏறக்குறைய 5 கிராம் கேட்கிறது. உடல் எடையில் 2 விழுக்காடாக இருந்துகொண்டு, ஓய்வில் செலவாகும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் உறுப்பு அது. சேமித்து வைக்க அதற்கு இடமில்லை. கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து நிமிடத்துக்கு நிமிடம் கொடுத்துக்கொண்டே இருப்பதால்தான் நாம் பேசுகிறோம், நடக்கிறோம், வண்டி ஓட்டுகிறோம்.

நோயில்லாதவர் உடம்பில் சர்க்கரை 4.6 பக்கம் இறங்கும்போதே கணையம் இன்சுலினைக் குறைத்துவிடும். 3.8 பக்கம் வந்தால் குளுக்ககான், அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் கிளம்பி, கல்லீரலை இன்னும் கொடு என்று நெருக்கும். ஊசி போட்டவர் உடம்பில் இந்த முதல் காவல் இல்லை. கணையம் சுரப்பது திறந்து மூடக்கூடிய குழாய். ஊசியில் போனது கொட்டிவிட்ட வாளித் தண்ணீர். சாப்பாடு தாமதமானாலும், வேலை கூடுதலானாலும் தோலுக்கு அடியில் இருக்கும் இன்சுலின் தன் போக்கில் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். 3க்குப் பக்கத்தில் வியர்வையும் நடுக்கமும் தெரியும். 2.8க்குக் கீழே யோசனை தடுமாறும்.

பாடநூல்கள் இந்த வரிசையைத்தான் சொல்கின்றன. முதலில் எச்சரிக்கை, பிறகு தடுமாற்றம். சாலையில் வரிசை அவ்வளவு ஒழுங்காக வருவதில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டேனியல் காக்ஸும் சகாக்களும் இதைச் சோதித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். முதல் வகை நீரிழிவு உள்ள 37 பேரைக் கார் ஓட்டுவது போன்ற பாவனைப் பொறியில் உட்கார வைத்து, அவர்கள் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். அளவு 4க்கும் 3.4க்கும் நடுவில் இருக்கும்போதே ஓட்டம் கெடத் தொடங்கியது. கையெட்டும் தூரத்தில் இனிப்புப் பானம் இருந்தது. வேண்டும்போது குடிக்கலாம், வண்டியை நிறுத்தலாம் என்று சொல்லியும் இருந்தார்கள். அப்படிச் செய்தவர்கள் மூன்றில் ஒருவர்தான். அதுவும் 2.8க்குக் கீழே போன பிறகு.

அந்தப் பொறி காருக்கானது. கார் சாயாமல் தானாக நிற்கும், மோட்டாரைச் சாயாமல் நிமிர்த்தி வைத்திருப்பது ஓட்டுகிறவரின் மூளை. இடப்பக்கம் வளைய வேண்டுமென்றால் வேகத்தில் இருக்கும் மோட்டாரின் இடக் கைப்பிடியை லேசாக முன்னால் தள்ள வேண்டும். சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் திரும்பி, வண்டி இடப்பக்கம் சாயும். ஓட்டுகிறவர் யாரும் இதை யோசித்துச் செய்வதில்லை. சிறுமூளையும் உட்காதின் சமநிலை உறுப்பும் தோள் தசைகளும் பேசி முடித்துக்கொள்ளும் விவகாரம் அது. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் ஒரு நொடியில் 19 மீட்டர் கடக்கிறது. சர்க்கரை குறைந்த மூளை பிரேக்கைப் பிடிக்க அரை நொடி தாமதித்தால் கிட்டத்தட்ட 10 மீட்டர் போய்விடும். முன்னால் போகும் செம்பனை லோரியின் பின்பலகைக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் பல நாள் அவ்வளவு இடைவெளி இருப்பதில்லை.

மோட்டாருக்கே உரிய ஆபத்து இன்னொன்று உண்டு. இந்த அத்தியாயத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன். சர்க்கரை இறங்குவதை உடம்பு சொல்லும் அடையாளங்கள் எவை? வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பசி, கண் மங்கல். இவை ஒவ்வொன்றையும் மோட்டார் சவாரியே தானாக உண்டாக்கிவிடும்.

ஈப்போவில் மதியம் 33 பாகை. தலைக்கவசத்தின் உட்பஞ்சு பத்து நிமிடத்தில் நனைந்துவிடும். நெற்றியில் வழிவது வெயில் வியர்வையா, குறைச் சர்க்கரையின் குளிர்ந்த வியர்வையா என்று அந்த நேரத்தில் யார் பிரித்துப் பார்ப்பார்கள்? கை நடுக்கத்தைப் பாருங்கள். அட்ரினலின் கூடும்போது விரல்கள் நொடிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை நடுங்கும். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றும்போது கைப்பிடி நொடிக்கு நூறு முறை அதிரும். அரை மணி நேரம் அதைப் பிடித்திருந்த உள்ளங்கை மரத்துப்போகும். அதற்குள் ஒளிந்திருக்கும் மெல்லிய நடுக்கம் தெரியாது. நெஞ்சு அடித்துக்கொண்டால் இப்போதுதானே அந்த வேன் உரசிக்கொண்டு போனது என்று தோன்றும். பசித்தால் வேலை முடிந்த பசி. கண் மங்கினால் கவசக் கண்ணாடியில் தூசி.

மருந்துகளும் இதில் சேர்கின்றன. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா தடுப்பு மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் அமுக்கிவிடும். வியர்வையை அமுக்குவதில்லை, ஏனென்றால் வியர்வைச் சுரப்பியை இயக்குவது அசிட்டைல்கோலின் என்ற வேறொரு நரம்பு வேதிப்பொருள். இந்த மாத்திரையும் இன்சுலினும் சேர்த்து எடுப்பவருக்கு மிஞ்சும் முக்கியமான அடையாளம் வியர்வை. அதைத்தான் நம் ஊர் வெயில் மூடி மறைத்துவிடுகிறது.

இதைவிடக் கெட்டது, உடம்பு பழகிப்போவது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சர்க்கரை தாழ்ந்தால் எச்சரிக்கை ஒலிக்கும் மட்டம் கீழே கீழே போகும். முன்பு 3.2இல் வியர்த்தவருக்கு இப்போது 2.5 வரை ஒன்றும் தெரியாது. அமெரிக்க மருத்துவர் பிலிப் கிரையர் இதைப் பல ஆண்டு ஆராய்ந்து விளக்கினார். “எனக்கெல்லாம் சீனி கொறஞ்சா ஒண்ணும் ஆகாது, மூணுல கூட ஓட்டியிருக்கேன்” என்று சொல்கிற அண்ணன்மாரைத் தோட்டத்துப் பக்கம் பார்க்கலாம். அது உடம்பின் வலிமையைக் காட்டவில்லை, எச்சரிக்கை அணைந்துபோனதைக் காட்டுகிறது. நல்ல செய்தியும் உண்டு: இரண்டு மூன்று வாரம் தாழ்நிலையே வராமல் கவனமாக இருந்தால் பெரும்பாலோருக்கு எச்சரிக்கை ஓரளவாவது திரும்பி வரும்.

ஆகவே ஓட்டுகிறவர் தன் உணர்வை நம்பக் கூடாது. சர்க்கரை மீட்டர் காட்டும் எண்ணையும் கடிகாரத்தையும்தான் நம்ப வேண்டும்.

எந்தக் கடிகாரம்? மலேசிய அரசு கிளினிக்குகளில் பலருக்குக் கொடுப்பது முப்பதுக்கு எழுபது கலவை. நூறு அலகில் 30 சீக்கிரம் வேலை செய்யும் சாதா இன்சுலின், 70 மெதுவாக வேலை செய்யும் என்பிஎச். இந்த மெது இன்சுலினுக்குப் பின்னால் ஒரு மீன் இருக்கிறது. 1921இல் டொரோண்டோவில் கண்டுபிடிக்கப்பட்ட இன்சுலின் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நோயாளி ஒரு நாளைக்குப் பல முறை குத்திக்கொள்ள வேண்டியிருந்தது. டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹாகெடோர்ன் 1936இல் டிரவுட் மீனின் விந்திலிருந்து எடுத்த புரோட்டமின் என்ற புரதத்தை அதோடு கலந்தார். இன்சுலின் எளிதில் கரையாத துகளாகி, தோலுக்கு அடியில் மெல்ல மெல்லக் கசிந்தது. 1946இல் அவருடைய ஆய்வுக்கூடம் அதைப் படிகமாக்கிச் செம்மைப்படுத்தியது. என்பிஎச் என்ற மூன்றெழுத்தில் கடைசி எழுத்து அவர் பெயர்.

மெதுவாகக் கசியும், ஆனால் ஒரே சீராகக் கசியாது. போட்ட நான்கு மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரம் வரை ஒரு மேடு இருக்கும். காலை ஐந்து மணிக்குப் போட்டு, பசியாறிவிட்டு, ஏழு மணி ஷிப்டுக்குப் போகிறவரை எடுத்துக்கொள்வோம். சாதா இன்சுலினின் உச்சம் ஏழிலிருந்து ஒன்பது வரை. அதைக் காலை உணவு தாங்கும். என்பிஎச்சின் மேடு ஒன்பதிலிருந்து மூன்று வரை. அதைத் தாங்க வேண்டியது மதியச் சாப்பாடு. அன்றைக்கு லோரி தாமதமாக வந்து, சரக்கு இறக்கி, சோற்றை அரைகுறையாக விழுங்கியிருந்தால்? மூட்டை தூக்கிய தசைகள் இன்சுலின் துணையில்லாமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுக்கும். வேலை நின்ற பிறகும் பல மணி நேரம் இழுத்துக்கொண்டிருக்கும். மூன்று மணிக்கு ஷிப்டு முடிந்து மோட்டாரை எடுக்கும்போது, வரவு இல்லாமல் செலவு மட்டும் நடக்கிறது.

மூன்றரைக்கு மழை வருகிறது. ஈப்போ இருக்கும் கிந்தாப் பள்ளத்தாக்கில் பின்னேர இடிமழை புதிதில்லை. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர் கறுத்தால் மோட்டார்க்காரர்கள் மேம்பாலத்தடியில் ஒதுங்குவார்கள். இருபது முப்பது வண்டிகள் வரிசையாக நிற்கும். முக்கால் மணி, ஒரு மணி நேரம்கூட ஆகும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று கிளம்பியவருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் ஆபத்து. நனைந்த உடம்பில் வியர்வை தெரியாது. மழை விட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் எஞ்சினை முடுக்கி ஈரச் சாலையில் ஏறுவார்கள். அந்தப் பாலத்தடியில் நிற்கும் நேரத்தில் விரலைக் குத்திப் பார்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஐந்து நொடியில் எண் வந்துவிடும்.

இரவு ஷிப்டுக்கு வேறு கணக்கு. மாலை ஏழு மணி ஊசியின் மேடு பதினொன்றிலிருந்து விடிகாலை ஐந்து வரை. மற்றவர்கள் தூங்குகிற நேரத்தில் இவர் நடந்து காவல் பார்க்கிறார். காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு, தூக்கக் கலக்கத்தோடு வண்டியை எடுக்கிறார். மருந்து உறையில் காலை, இரவு என்று மட்டும் அச்சிட்டிருக்கும். வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறுகிறவருக்குக் காலை எது, இரவு எது?

ஊசிப் பேனாவைக் கிட்டத்தில் பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த கலவை இன்சுலின் கார்ட்ரிட்ஜை வெளிச்சத்தில் பிடித்தால் மேலே தெளிந்த நீர், கீழே வெள்ளைப் படிவு தெரியும். அந்தப் படிவுதான் என்பிஎச். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடிக் குண்டு இருக்கும். உள்ளங்கைகளுக்கு நடுவில் பத்து முறை உருட்டி, மேலும் கீழுமாகப் பத்து முறை சாய்த்து, அந்தக் குண்டு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடி எல்லாவற்றையும் ஒரே பால் நிறமாகக் கலக்க வேண்டும். அவசரத்தில் இரண்டு முறை ஆட்டிவிட்டுக் குத்தினால் ஒரு நாள் தண்ணீர் போகும், இன்னொரு நாள் படிவு போகும். 1999இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு நோயாளிகள் பயன்படுத்திக்கொண்டிருந்த பேனாக்களைச் சோதித்தது. என்பிஎச்சின் அளவு, இருக்க வேண்டியதில் 5 விழுக்காட்டிலிருந்து 214 விழுக்காடு வரை வேறுபட்டது. காலை ஐந்து மணிக்குத் தூக்கக் கண்ணோடு செய்யும் அரை நிமிட வேலை, மதியம் மூன்று மணிச் சவாரியைத் தீர்மானிக்கிறது.

குத்தும் இடமும் சூடும் கணக்கில் சேரும். வயிற்றில் போட்டால் தொடையைவிடச் சீக்கிரம் ஏறும். ஆனால் தொடையில் போட்டுவிட்டு உடனே காலுக்கு வேலை கொடுத்தால் அங்கிருந்தும் வேகமாக ஏறும். வெயிலில் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் அதே அளவு மருந்து குளிரறையில் உட்கார்ந்திருப்பவரைவிட வெயிலில் நிற்பவருக்கு முன்னதாகப் பிடிக்கும்.

மருந்தை எங்கே வைப்பது? கப்சாயின் இருக்கைக்கு அடியில் வைப்பவர்கள் உண்டு. கீழே எஞ்சின் சூடு, மேலே வெயில், அது கூடாது. இன்சுலின் ஒரு புரதம். சூட்டில் அதன் மடிப்பு குலைந்து இழையிழையாக ஒட்டிக்கொள்ளும், பிறகு எத்தனை அலகு போட்டாலும் சர்க்கரை இறங்காது. இதில் அளவுக்கு மீறிய பயமும் வேண்டாம். கென்யாவின் அகதி முகாம் ஒன்றின் வெப்பநிலையை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கி, எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், 25க்கும் 37க்கும் நடுவில் ஏறி இறங்கிய சூட்டில் நான்கு வாரம் இன்சுலின் வீரியம் குறையாமல் இருந்தது. மண்பானையில் வைக்கும் யோசனை தமிழ்நாட்டில் பிரபலம். அது பேராக்குக்கு அவ்வளவாக ஒத்துவராது. பானை குளிர்வது தண்ணீர் ஆவியாவதால். ராஜஸ்தானின் 40 பாகை வறண்ட காற்றில், ஈரப்பதம் 20 விழுக்காடு என்றால், ஆவியாதல் 22 பாகை பக்கம் வரை குளிர்விக்கலாம். ஈப்போவின் 30 பாகை, 80 விழுக்காடு ஈரத்தில் 27க்குக் கீழே இறங்க வழியில்லை. பயன்படுத்தும் பேனாவைச் சட்டைப் பைக்குள்ளோ முதுகுப் பையின் நடுவில் துணிக்குள்ளோ வைத்துக்கொண்டு, வேலையிடத்துக்குப் போனதும் நிழலில் வைத்தால் போதும். பனிக்கட்டியோடு நேராக ஒட்டி வைக்கவே கூடாது. உறைந்த இன்சுலின் கெட்டதுதான்.

சாவியைத் திருகுமுன் எண் எவ்வளவு இருக்க வேண்டும்? பிரிட்டனின் ஓட்டுநர் உரிமத் துறை இன்சுலின் போடுகிறவர்களுக்கு வகுத்த முறையை நான் இங்கே அப்படியே பரிந்துரைப்பேன். கிளம்புவதற்கு முன் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு சோதனை, நீண்ட பயணத்தில் இரண்டு மணிக்கு ஒரு தடவை. 5க்கு மேல் இருந்தால் கிளம்பலாம். 4க்கும் 5க்கும் நடுவில் இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். 4க்குக் கீழே ஓட்டக் கூடாது. தாழ்ந்து மீண்டால், அளவு 5ஐத் தாண்டிய பிறகும் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும். இந்த 45 நிமிடம் பலருக்கு வீண் பிடிவாதமாகத் தெரியும். ரத்தத்தில் சர்க்கரை ஏறியதும் கை நடுக்கம் நின்றுவிடும்; கவனமும் எதிர்வினை வேகமும் மூளைக்குத் திரும்ப அதைவிட நேரமாகும். நன்றாகிவிட்டேன் என்ற நினைப்பு முன்னால் வரும், திறமை பின்னால் வரும்.

போகும் வழியில் சந்தேகம் வந்தால் ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, இறங்கி நின்ற பிறகுதான் பையைத் திறக்க வேண்டும். “இன்னும் பத்து நிமிஷந்தான், வீட்டுக்கே போயிடலாம்” என்ற முடிவை எடுப்பது சர்க்கரை போதாத மூளை. அந்த முடிவை நம்பக் கூடாது. 15 கிராம் இனிப்பு உடனே உள்ளே போக வேண்டும்: மூன்று நான்கு தேக்கரண்டிச் சீனியோ குளுக்கோஸ் பவுடரோ தண்ணீரில் கலந்தது, அல்லது ஒரு சின்னப் பாக்கெட் இனிப்புப் பானம். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, 4க்கு மேல் வரவில்லை என்றால் இன்னொரு தடவை. சாக்லேட் கொழுப்புள்ளது, மெதுவாகத்தான் ஏறும். அகார்போஸ் மாத்திரை எடுப்பவருக்குச் சீனி உதவாது. அந்த மாத்திரை குடலில் சீனி உடைவதையே தடுப்பது, அவருக்குக் குளுக்கோஸ்தான் வேண்டும். இதையெல்லாம் இருக்கைக்கு அடியில் பூட்டி வைக்காமல் மேல்சட்டைப் பையில் வைக்க வேண்டும். விரல் நடுங்கும்போது சாவியைத் துளைக்குள் நுழைப்பதே பெரும்பாடு.

தோட்டப் பக்கத்தில் பேச வேண்டிய இன்னொன்று கள்ளும் சம்சுச் சாராயமும். மது கல்லீரலைப் புதுக் குளுக்கோஸ் செய்யவிடாமல் கட்டிப்போடும். குடித்த அன்றிரவும் மறுநாள் காலையும் சர்க்கரை தாழும். அதோடு ஓர் அநியாயமும் நடக்கிறது. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவர் சர்க்கரை தாழ்ந்து, வாய் குழறி, வண்டியோடு கால்வாயில் விழுந்து கிடப்பார். பார்ப்பவர்கள் “தண்ணி போட்டிருப்பான்” என்று போய்விடுவார்கள். தமிழன் என்றால் அந்த முடிவு இன்னும் சீக்கிரம் வரும். இன்சுலின் போடுகிறேன் என்று மலாயிலும் எழுதிய அட்டை ஒன்று பர்ஸில் இருப்பதும், வேலையிடத்தில் இரண்டு பேருக்காவது தெரிந்திருப்பதும் உயிர் காக்கும். நினைவிருந்தால் இனிப்பு கொடுக்கலாம். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 999ஐ அழைக்க வேண்டும். ஊசி போடுவதை வெட்கமாக நினைத்து மறைக்கிற பழக்கம் நம்மிடம் நிறைய. மறைத்தவரைத்தான் குடிகாரன் என்கிறார்கள்.

கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலுக்குத் தைப்பூசக் காவடி எடுக்க விரதம் இருப்பவர்கள், விரதம் தொடங்குமுன் ஊசி அளவை மருத்துவரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டோடு பழைய அளவைப் போட்டுக்கொண்டு மோட்டாரில் கோயிலுக்குப் போவது கூடாது.

பாதமும் கண்ணும் மெதுவாகக் கெடுபவை. நரம்பு மரத்த வலக்கால் பின்பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறது என்று சரியாகச் சொல்லாது. புகைக்குழாய் கெண்டைக்காலைச் சுட்டாலும் தெரியாது. சாயங்காலம் கால் கழுவும்போது கொப்புளத்தைப் பார்த்துத்தான் அறிவார். ஆறாத புண்கள் பல இப்படித்தான் தொடங்குகின்றன. சிலிப்பரைத் தவிர்த்து மூடிய காலணி போட வேண்டியதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். விழித்திரைக்கு லேசர் செய்துகொண்டவருக்குப் பக்கவாட்டுப் பார்வையும் இருட்டுப் பார்வையும் குறையலாம். விளக்கில்லாத செம்பனைச் சாலையில், மாடு குறுக்கே வரும் நேரத்தில், அது பெரிய குறை.

கையில் ஒட்டும் சென்சார்கள் இப்போது கிடைக்கின்றன. விலை தோட்டத்துச் சம்பளத்துக்கு எட்டுவதில்லை. வாங்க முடிந்தவர் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: சென்சார் பார்ப்பது ரத்தத்தை இல்லை, தோலுக்கு அடியில் உள்ள திசுநீரை. அது ரத்தத்துக்கு ஐந்திலிருந்து பதினைந்து நிமிடம் பின்தங்கி வரும். வேகமாக இறங்கும் நேரத்தில் திரையில் 4.6 என்று நின்றாலும் ரத்தம் 4க்குக் கீழே போயிருக்கலாம். எண்ணோடு சேர்த்து அம்புக்குறியையும் பார்க்க வேண்டும்.

கிளினிக்கில் சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பார்ப்பார்கள், காலைப் பார்ப்பார்கள், கண்ணுக்கு எழுதிக் கொடுப்பார்கள். எத்தனை மணிக்கு மோட்டார் எடுக்கிறீர்கள் என்ற கேள்வியும் கிளினிக் அட்டையில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கலவை இன்சுலினுக்குப் பதில் மேடு குறைந்த நீண்டநேர இன்சுலினாக மாற்றலாம். கூடுதல் நேர வேலை நாளில் காலை அளவைக் குறைக்கலாம். இரவு ஷிப்டு வாரத்துக்குத் தனி அளவு எழுதலாம். இவை எதுவும் அபூர்வ வைத்தியம் இல்லை. மருத்துவருக்கு ஷிப்டு தெரிந்தால் செய்யக்கூடியவை. மீட்டர் எண்களை எழுதிய நோட்டையும் தொழிற்சாலை ஷிப்டு அட்டவணையையும் ஒன்றாக மேசையில் வைத்து, “டாக்டர், நான் மூணு மணிக்கு மோட்டார் எடுக்கிறவன், சாப்பாடு பன்னிரண்டுக்கு, சில நாள் ஒன்றரைக்கு” என்று சொன்னால், ஊசி அளவை அங்கேயே மாற்றி எழுத அவருக்கு ஐந்து நிமிடம் போதும்.